பஞ்சாலையை விட்டுப் போகாத ராத்தல்

1997-ல் கோவைக்குக் கிழக்கே ஒரு நூற்பாலையில் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்தேன். முதல் நாளே ஸ்பின்னிங் மாஸ்டர் ஒரு சின்ன நோட்டைக் கொடுத்து மூன்று எண்களை எழுதிக்கொள்ளச் சொன்னார். 64.8, 0.54, 2.2046. "இந்த மூணையும் மனப்பாடம் பண்ணிக்குங்க தம்பி, மத்ததெல்லாம் தானா வந்துரும்" என்றார். பண்ணிக்கொண்டேன். அந்த எண்கள் எங்கிருந்து வந்தவை என்று அவர் சொல்லவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை. கேட்காமல் விட்டதற்கு ஒன்றரை வருடம் கழித்து ஒரு நைட் ஷிப்டில் நன்றாகப் பட்டேன்.

நம் நாட்டில் எடைக்கு மெட்ரிக் முறையைக் கொண்டுவரும் சட்டம் 1956-ல் வந்தது. 1958 அக்டோபரில் கிலோ படிப்படியாகப் புழக்கத்துக்கு வரத் தொடங்கி, 1962 ஏப்ரலோடு கட்டாயமானது. என் ஆத்தா கடைசி வரை புளியை வீசையிலும் மிளகாயைப் பலத்திலும்தான் கேட்டார், கடைக்காரரும் மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டுக் கிலோவில் நிறுத்துக் கொடுப்பார். இன்று அந்தச் சொற்களைச் சொன்னால் சந்தையில் யாருக்கும் புரியாது. சந்தையில், ரேஷன் கடையில், மருந்துக் கடையில் எல்லாம் கிலோவும் கிராமும்தான். ஆனால் கோவையிலும் திருப்பூரிலும் ஏதாவது ஒரு பஞ்சாலை கேட்டுக்குள் போய்ப் பாருங்கள், பவுண்டு இன்னும் உட்கார்ந்திருக்கும். தாத்தா காலத்து ஆட்கள் அதை ராத்தல் என்பார்கள். இலங்கையில் இன்றைக்கும் கடையில் ஒரு றாத்தல் பாண் என்றுதான் கேட்கிறார்கள், அங்கே அதற்கு 450 கிராம். (நகைக்கடைப் பவுன் வேறு, அது எட்டு கிராம் தங்கம். இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன், அதனால் சொல்லி வைக்கிறேன்.)

நாம் 40-ம் நம்பர் நூல், 60-ம் நம்பர் நூல் என்கிறோமே, அந்த நம்பரே ஒரு எடைக் கணக்குதான். 840 கஜம் நூல் ஒரு ஹேங்க், கைத்தறிக்காரர்கள் பேச்சில் சிட்டம். ஒரு ராத்தல் எடைக்கு இப்படி எத்தனை சிட்டம் நிற்கிறதோ அதுதான் நூலின் நம்பர். 40 சிட்டம் நின்றால் 40-ம் நம்பர், 60 நின்றால் 60. அதனால்தான் நம்பர் ஏற ஏற நூல் மெலிகிறது, புதிதாக வருகிறவர்களுக்கு முதலில் இதுதான் தலைகீழாகத் தெரியும். ஒரு கிலோ 40-ம் நம்பர் நூலைப் பிரித்து நீட்டினால் கிட்டத்தட்ட 67.7 கிலோமீட்டர் வரும், கோவையில் ஒரு முனையைக் கட்டிவிட்டுப் போனால் திருப்பூரைத் தாண்டலாம்.

லேபில் இதை எப்படிப் பார்ப்போம் என்று சொன்னால்தான் அந்த 64.8 விளங்கும். ரேப் ரீல் என்று ஒரு ராட்டை இருக்கும், சுற்றளவு சரியாக ஒன்றரை கஜம். நூல் நூற்கும் மெஷினான ரிங் பிரேமிலிருந்து எடுத்து வந்த காப்புகளை, அதாவது நூல் சுற்றிய குழல்களை, கீழே வரிசையாகக் குத்தி வைத்து, நூல் முனைகளை மேலே மாட்டி, 80 சுற்று சுற்றவேண்டும். 80 முடிந்ததும் மணி அடிக்கும். சுற்றியது 120 கஜம், அதாவது ஒரு ஹேங்கில் ஏழில் ஒரு பங்கு. இதற்குப் பெயர் லீ. அதைக் கழற்றி லேசாக முறுக்கித் தராசில் வைத்தால், நல்ல 40-ம் நம்பர் நூலென்றால் 1.62 கிராம் காட்டும். 64.8-ஐ 1.62-ஆல் வகுத்தால் 40. ஒரு நாளைக்கு நூறு, நூற்றைம்பது தடவை இதைச் செய்வோம், கை தானாகவே கால்குலேட்டரைத் தட்டும்.

64.8 வேறொன்றுமில்லை. ஒரு ராத்தல் 453.592 கிராம். அதை ஏழால் வகுத்தால் 64.799. லீ என்பது ஹேங்கில் ஏழில் ஒன்று என்பதால் ராத்தலையும் ஏழால் வகுத்து வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான். ஆனால் இதற்கும் பின்னால் ஒன்று இருக்கிறது. அது தெரிந்த அன்றைக்கு எனக்குத் தூக்கமே வரவில்லை. பழைய பிரிட்டிஷ் கணக்கில் ஒரு ராத்தலுக்கு 7000 கிரெய்ன். கிரெய்ன் என்றால் தானியமணி, நம்மூரில் குன்றிமணி வைத்துப் பொன் நிறுத்த மாதிரி அவர்களுக்கு வாற்கோதுமை. 7000-ஐ ஏழால் வகுத்தால் சுத்தமாக 1000. ஆக, அந்தக் காலத்து லேபில் லீயைக் கிரெய்னில் நிறுத்து, 1000-ஐ அந்த எடையால் வகுத்தால் போதும். 25 கிரெய்னா, 40-ம் நம்பர். 50 கிரெய்னா, 20-ம் நம்பர். 10 கிரெய்னா, 100-ம் நம்பர். பேப்பர் பேனாவே வேண்டாம், தராசைப் பார்த்தபடியே வாய் சொல்லிவிடும்.

அப்புறம் கிராம் தராசு வந்தது. தராசை மாற்றினோம், நூலின் நம்பரை மாற்றவில்லை. 1000 இருந்த இடத்தில் 64.8 வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு கிரெய்ன் எத்தனை மில்லிகிராம் என்று பார்த்தால் அதுவும் அதே 64.8 தான், 64.79891 என்று துல்லியமாகவே வரையறுத்திருக்கிறார்கள். வருவது தற்செயலும் இல்லை, ஆயிரத்தைக் கிராமுக்கு மாற்றினால் அதுதான் வந்தாக வேண்டும். நாங்கள் தினமும் தட்டிக்கொண்டிருந்த எண் ஒரு வாற்கோதுமை மணியின் எடை.

மெட்ரிக்கில் நூலுக்கென்றே ஒரு அளவு உண்டு, டெக்ஸ் என்று பெயர். 1000 மீட்டர் நூல் எத்தனை கிராமோ அத்தனை டெக்ஸ். மிக எளிது, மிக நேர்மையானது. 40-ம் நம்பர் அதில் 14.76. கல்லூரியில் அதைத்தான் சொல்லித் தருகிறார்கள், பரீட்சையிலும் கேட்கிறார்கள். ஆனால் திருப்பூரில் யாரிடமாவது போய் 14.76 டெக்ஸ் நூல் இருக்கிறதா என்று கேட்டால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். கேட்டால் பழக்கம் என்பார்கள். உண்மைதான், ஆனால் வெறும் பழக்கம் இல்லை. விற்பனைச் சீட்டு, மெஷின் செட்டிங், நிட்டிங்காரர் விரலால் நூலைத் தடவிப் பார்த்துச் சொல்கிற மதிப்பு என்று எல்லாமே அந்த நம்பரின் மேல்தான் நிற்கின்றன. அதை மாற்றவேண்டும் என்று நான் சண்டை போடமாட்டேன். எனக்கு வேண்டியது ஒன்றுதான், எண்ணை எழுதும்போது அதன் அளவையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

அந்த நைட் ஷிப்டுக்கு வருகிறேன். டிராயிங் மெஷினிலிருந்து வரும் ஸ்லைவரை, அதாவது நூலாவதற்கு முந்தைய தடித்த பஞ்சுத் திரியை, ஒரு டிரம்மில் ஆறு சுற்று சுற்றி எடுத்து நிறுப்போம், ஒரு சுற்று ஒரு கஜம். 0.54 பெருக்கல் 6 வகுத்தல் எடை, ஸ்லைவரின் நம்பர் வந்துவிடும், அதையும் ஹேங்க் என்றே சொல்வோம். எங்களுக்கு 0.12 ஹேங்க் வரவேண்டும், அதற்கு எடை 27 கிராம். அந்த வாரம் பழைய டிரம்மைத் தூக்கிவிட்டுப் புது டிரம் வைத்திருந்தார்கள். அது ஒரு சுற்றுக்கு ஒரு மீட்டர். மேலே சின்ன எழுத்தில் போட்டிருந்தது, நான் பார்க்கவில்லை. ஆறு சுற்று சுற்றி நிறுத்தால் 29.5 கிராம். 0.54-ஐப் போட்டுப் பார்த்தால் 0.11-க்குக் கீழே போகிறது. ஸ்லைவர் ஒன்பது சதவீதம் தடித்துவிட்டது என்று நினைத்தேன். அன்றைக்குத்தான் புது மிக்ஸிங் (பஞ்சுக் கலவை) இறக்கியிருந்தார்கள், அதனால் சந்தேகமும் வரவில்லை. ஸ்லைவரை மெலிதாக்க, பினியன் என்ற பல்சக்கரத்தை மாற்றச் சொல்லிவிட்டேன். ஸ்லைவரை அடுத்து மெலிதாக இழுத்து எடுக்கும் ரோவிங்கையும் அதே டிரம்மில்தான் அளந்தேன், அதனால் அங்கே எல்லாம் சரியாகவே காட்டியது. தப்பு தப்போடு ஒத்துப்போனால் யாருக்குத் தெரியும்? கடைசியில் ரிங் பிரேமில் லீ எடுத்தபோதுதான் தெரிந்தது, ரேப் ரீல் இன்னும் பழைய கஜக் கணக்கு. 1.62 காட்டவேண்டிய தராசு 1.48 காட்டியது. 40-ம் நம்பர் ஓட்டவேண்டிய மெஷினில் ஏறக்குறைய 44-ம் நம்பர் ஓடிக்கொண்டிருந்தது.

அந்த நூலையெல்லாம் தனியாகப் பிரித்துத் தனி லாட்டாக விலை குறைத்துத்தான் தள்ள முடிந்தது. மாஸ்டர் என்னைத் திட்டவில்லை. லேபுக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "0.54-ன்னா என்னங்க தம்பி?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. அவரே என் நோட்டை வாங்கி எழுதினார். மேலே 453.6 கிராம், கீழே 840 கஜம். வகுத்தால் 0.54. "இதுக்குள்ள ராத்தலும் இருக்குது, கஜமும் இருக்குது. மீட்டர்ல அளந்தா கீழ 768 மீட்டர்னு போடோணும், அப்ப 0.59 ஆயிரும். எனக்கும் யாரும் சொல்லித் தர்லீங்க, நானா ஒரு நாள் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன். உங்களுக்கு மொத நாளே சொல்லியிருக்கோணும்" என்றார். அவர் சொன்ன கடைசி வாக்கியம் இன்னும் என் காதில் இருக்கிறது.

இதே மாதிரி ஒரு தப்பு ஆகாயத்தில் நடந்ததைப் பிறகு படித்தேன். 1983 ஜூலை 23, ஏர் கனடாவின் 143-ம் எண் விமானம், போயிங் 767. அப்போதுதான் அவர்கள் கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள், இந்த ரக விமானம் கிலோ கணக்கில் ஓடுவது. எரிபொருள் காட்டும் கருவி வேலை செய்யாததால் டேங்கில் அளவுகோல் விட்டுப் பார்த்தார்கள், 7,682 லிட்டர் இருந்தது. பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. லிட்டரை எடையாக்க 1.77-ஆல் பெருக்கினார்கள், அதுவரை எல்லா விமானத்துக்கும் அந்த எண்தான். ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டருக்கு இத்தனை பவுண்டு என்ற கணக்கு. கிலோவென்றால் சுமார் 0.8 போட்டிருக்கவேண்டும். 13,597 என்று விடை வந்தது, அதைக் கிலோ என்று எடுத்துக்கொண்டு மீதிக்கு 4,917 லிட்டர் மட்டும் நிரப்பினார்கள். வேண்டியிருந்தது 20,000 லிட்டருக்கும் மேல். 41,000 அடி உயரத்தில் பறந்துகொண்டிருந்தபோது எரிபொருள் தீர்ந்துபோய், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு இன்ஜினும் நின்றன. விமானி பாப் பியர்சன் அதைக் கிளைடர் மாதிரி மிதக்கவிட்டு, கிம்லி என்ற ஊரின் பழைய விமானப்படைத் தளத்தில் இறக்கினார். உள்ளே இருந்த 69 பேரும் பிழைத்தார்கள். நான் படித்துவிட்டு நெடுநேரம் அந்த 1.77-ஐயே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த எண்ணைப் போட்டவர்கள் பெருக்கலில் தப்பு செய்யவில்லை. என் 0.54-ம் அப்படித்தான்.

இப்போது நான் லேபில் இல்லை, பஞ்சு கொள்முதல் பக்கம் வந்து பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது. இங்கே ராத்தல் வேறு வேஷத்தில் இருக்கிறது, பெயர் கேண்டி. செய்தித்தாளில் 'ஒரு கேண்டி (356 கிலோ)' என்று அடைப்புக்குறிக்குள் போடுவார்கள், பார்த்திருப்பீர்கள். ஏன் 356 என்று எத்தனை பேர் யோசித்திருப்பார்கள்? கேண்டி என்பது 784 ராத்தல். 28 ராத்தல் ஒரு மணங்கு, 28 மணங்கு ஒரு கேண்டி, இது பம்பாய்ப் பருத்தி வியாபாரத்தின் கணக்கு. மதராஸுக்கென்று தனிக் கேண்டி இருந்தது, அது 500 ராத்தல், கிட்டத்தட்ட 227 கிலோ. ஆனால் இன்றைக்குக் கோவையில் பஞ்சு வாங்குகிறவர் பேசுவது பம்பாய்க் கேண்டியைத்தான். கிலோவில் அது 355.616.

உலகச் சந்தையில் பஞ்சு விலை ஒரு பவுண்டுக்கு இத்தனை சென்ட் என்று ஓடும். காலையில் எழுந்ததும் நான் போடும் முதல் கணக்கு அதுதான். சென்ட்டை 7.84-ஆல் பெருக்கு, வருவது ஒரு கேண்டிக்கு டாலர். அதை டாலர் விலையால் பெருக்கு, ரூபாய். 70 சென்ட், டாலர் 85 ரூபாய் என்று வையுங்கள்: 548.80 டாலர், 46,648 ரூபாய். இதற்கு மேல் வண்டி வாடகை, வரி, கழிவு எல்லாம் தனி. 2022 மே மாதம் நம் பஞ்சு கேண்டி ஒரு லட்சத்தைத் தாண்டியபோது இந்தக் கணக்கை ஒரு நாளைக்குப் பத்துத் தடவை போட்டேன், எந்தப் பக்கம் வாங்கினால் மில் ஓடும் என்று பார்க்க.

எங்களிடம் கம்ப்யூட்டர் இருக்கிறது. பருத்தி போட்டவருக்கு? அவர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொட்டையோடு இருக்கும் பருத்தியைக் குவிண்டால் கணக்கில் விற்கிறார். டிவியில் கேண்டி 60,000 என்று சொல்கிறார்கள். தன் குவிண்டாலுக்கு அதில் எவ்வளவு என்று அவர் எப்படித் தெரிந்துகொள்வது? அறுபதாயிரத்தை 355.6-ஆல் வகுத்தால் பஞ்சு கிலோ 168 ரூபாய் 70 காசு. நூறு கிலோ பருத்தியில் சுமார் 34 கிலோ பஞ்சு, அது 5,736 ரூபாய். மீதியில் 64 கிலோ கொட்டை, கிலோ 30 ரூபாய் என்று வைத்தால் 1,920. ஆக 7,656, இதில் கொட்டையைப் பிரிக்கும் ஜின்னிங் கூலியும் வியாபாரி லாபமும் போகவேண்டும். என் மாமா ஒருவருக்கு இதை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தேன், அவர் ஏலத்துக்குப் போகும்போதெல்லாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். "இப்பத்தான் மாப்ளே அவன் சொல்ற வெலைக்கு என்னால வாய் தொறக்க முடியுது" என்றார். இந்தக் கணக்கை விற்பனைக்கூடத்துச் சுவரில் பெரிதாக எழுதி வைப்பதற்கு ஒரு டப்பா பெயின்ட் போதும்.

ஏற்றுமதி நூல் கோன் ஏன் 1.89 கிலோ என்று ஒரு பையன் போன மாதம் கேட்டான். 24 கோன் ஒரு பெட்டி, 45.36 கிலோ, அதாவது நூறு ராத்தல். அவ்வளவுதான் ரகசியம். ஆனால் இங்கே ஒரு எச்சரிக்கை உண்டு. கிலோவைப் பவுண்டாக்க 2.2-ஆல் பெருக்கினால் போதும் என்று பலர் பழகிவிட்டார்கள். ஒரு கன்டெய்னரில் 18 டன் நூல் போனால் 2.2-க்கும் 2.2046-க்கும் வித்தியாசம் 83 ராத்தல், கிட்டத்தட்ட ஒரு பெட்டி நூல். பஞ்சிலும் அப்படித்தான், ஆயிரம் கேண்டி வாங்கும்போது 355.616-க்குப் பதில் 356 என்று போட்டால், அறுபதாயிரம் விலையில், அறுபத்தைந்தாயிரம் ரூபாய் பக்கம் தள்ளி நிற்கும். வீட்டுச் சமையலுக்கு 2.2 போதும், இன்வாய்சுக்குப் போதாது.

திருப்பூரில் துணி எடை கிராமில், அமெரிக்க பையர் கேட்பது அவுன்ஸில். ஒரு சதுர கஜத்துக்கு ஒரு அவுன்ஸ் என்றால் ஒரு சதுர மீட்டருக்கு 33.9 கிராம், 180 கிராம் துணி 5.3 அவுன்ஸ். இதை அங்கே டீக்கடையில் நிற்பவர்கள்கூடச் சொல்லிவிடுவார்கள், நான் நீட்ட வேண்டியதில்லை.

கடைசியாகச் சென்னிமலையில் தறி ஓட்டும் என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். சிட்டா நூல் கட்டு ஒன்றைத் திண்ணையில் வைத்துப் பிரித்துக்கொண்டிருந்தார். லேபிளில் 4.54 கிலோ என்று போட்டிருந்தது. அந்த எண்ணைப் பார்த்ததுமே எனக்குத் தெரியும், ஆனாலும் அவர் வாயால் கேட்கவேண்டும் என்றிருந்தது.

"சித்தப்பா, அதென்னங்க 4.54? அஞ்சு கிலோன்னு கட்ட மாட்டாங்களா?"

"பத்து ராத்தல் கட்டு கண்ணு. 20-ம் நம்பருன்னா ராத்தலுக்கு இருவது சிட்டம், கட்டுக்கு இருநூறு. 40-ன்னா நானூறு. எண்ணிப் பார்த்தா நம்பரு சரியா இல்லையான்னு தெரிஞ்சுபோகும். அஞ்சு கிலோன்னு கட்டுனா நான் எதைய எண்ணறது?"

அவர் வீட்டில் தராசு கிடையாது, ஒரு நாளும் இருந்ததில்லை. சாயத்திலும் ஈரத்திலும் எடை கூடும் குறையும், சிட்டத்தின் எண்ணிக்கை கூடாது குறையாது என்றார். எங்கள் லேபில் ரேப் ரீலும் எலெக்ட்ரானிக் தராசும் கால்குலேட்டரும் வைத்துக்கொண்டு நாங்கள் செய்ததை, இவர் திண்ணையில் விரலால் செய்துகொண்டிருந்தார். 5 கிலோக் கட்டானால் 20-ம் நம்பருக்கு 220 சிட்டமும் ஒரு துண்டும் வரும் என்று நான் மனதுக்குள் போட்டுப் பார்த்தேன், சொல்லவில்லை. சின்னச் சின்ன முடிச்சாகப் பிரித்து மடியில் போட்டபடி அவர் எண்ணிக்கொண்டே போனார், நடுவில் பேசினால் தப்பிவிடும் என்று சித்தியும் காபியைப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் உள்ளே போனார். காபி ஆறி ஆடை கட்டியபோது கடைசிச் சிட்டத்தை எடுத்துத் தட்டி உதறி மடியில் போட்டார். இருநூறு.